எண்பத்து மூன்று பதில்கள்

தி. நகரில் கூடாரம் விற்கும் அக்பர் பாஷா, இனிமேல் கடையில் அரட்டை கிடையாது, டேட்டாதான் என்று முடிவெடுத்தார். ஓட்டல் ஹாலில் அரைநாள் பயிற்சி, மத்தியானம் பிரியாணி, போகும்போது ஒரு சான்றிதழ். மூன்றும் சேர்ந்து அவரை அப்படி ஆக்கிவிட்டன.

அரட்டை என்று அவர் சொன்னது மனைவி ஜமீலுன்னிசாவின் பேச்சை. பன்னிரண்டு வருஷமாகக் கல்லாவில் உட்கார்ந்திருப்பவள். வருகிறவர்களிடம் எங்கே போகிறீர்கள், யார் யார் போகிறீர்கள், போன தடவை மழையில் ஒழுகியதா என்று விசாரித்துக்கொண்டே இருப்பாள். ஸ்டவ் வாங்க வந்தவரின் ஜாதகமே அவள் கைக்கு வந்துவிடும்.

அன்றைக்கு மந்தைவெளி வைதேகி மாமி வந்திருந்தாள். எங்காத்துல எல்லாருமா ஏலகிரிக்குப் போறோம், ஒரு ராத்திரிதான் என்று அவள் ஆரம்பித்ததும் பாஷா குறுக்கே புகுந்தார்.

"ஜமீலா, இது வியாபாரம். டேட்டா வேற, வம்பு வேற. நீ பேசறது வம்பு."

மாமி எதையோ தேடுவது போலக் கைப்பைக்குள் குனிந்துகொண்டாள். ஜமீலுன்னிசா எழுந்தாள். சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்துவிட்டு மாடியிலிருந்த வீட்டுக்குப் போனவள், பிறகு கடைக்கு இறங்கவேயில்லை. சண்டை போட்டிருந்தால்கூட பாஷாவுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

டேட்டா வேலையை ஆரம்பித்தது. தனியாக முகாம் போவதைப் பற்றி இணையத்தில் தேடுகிறவர்கள் ஒரே வருஷத்தில் இரண்டு மடங்காகியிருந்தார்கள். திரையில் கோடு மேலே ஏறியது. பாஷாவும் கூடவே ஏறினார். ஒரே ஒரு ஆள் படுக்கும் கூடாரமாகப் பார்த்து அறுபது வாங்கி அடுக்கினார்.

தேடியவர்கள் தேடிக்கொண்டே இருந்தார்கள். கடைக்கு வந்தவர்கள் வேறு. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு நாய். சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்ப வேண்டும். சொந்தமாக வேண்டாம், வாடகைக்குப் போதும். உள்ளே ஃபேன் ஓட வேண்டும், போன் சார்ஜ் ஏற வேண்டும். பெசன்ட் நகரிலிருந்து வந்த ஒருவர் பாஷாவின் சரக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "குடும்பத்தோட போக டெண்ட் கேட்டா, ஆளுக்கொரு தனிக்குடித்தனம் வெச்சுக் குடுக்கறீங்களே" என்றார்.

பாஷா அசரவில்லை. பழைய வாடிக்கையாளர்கள் இருநூறு பேரின் போனுக்கு ஒரு கேள்விப் படிவம் அனுப்பினார். மூன்று நாளில் ஒரே ஒரு பதில். அதுவும் சோதனைக்காக அவரே நிரப்பியது. நாலாம் நாளிலிருந்து கொட்ட ஆரம்பித்தது. வாரக் கடைசியில் மொத்தம் எண்பத்து மூன்று. பாஷா பார்த்தது மொத்தக் கணக்கை மட்டும்; ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கவில்லை.

அந்த எண்பத்து மூன்றோடு கோடம்பாக்கத்தில் நடந்த வியாபாரிகள் சங்கக் கூட்டத்துக்குப் போனார். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார்கள். ஜமீலுன்னிசா கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பாஷா மைக்கைப் பிடித்தார். மக்கள் வாங்குவதை விட்டு வாடகைக்கு மாறிவிட்டார்கள், ஒற்றை ஆள் கதையெல்லாம் பேச்சோடு சரி, கிளம்புவதென்னவோ குடும்பம்தான், கல்லாவில் உட்கார்ந்து வாயடித்தால் இதெல்லாம் நூறு வருஷமானாலும் தெரியாது என்றார். கைதட்டினார்கள்.

சங்கத் தலைவர் கணேசமூர்த்தி எழுந்தார். தான் அனுப்பும் படிவத்தை நாலு பேர்கூட நிரப்புவதில்லை, பாய்க்கு மட்டும் எப்படி வருகிறது என்று கேட்டு, ஒன்றிரண்டைத் திறந்து காட்டச் சொன்னார். பாஷா பெருமையோடு திறந்தார்.

வெள்ளைத் திரையில் பெரிய எழுத்தில் வந்தது: மாமியாருக்கு முட்டி வலி, குனிஞ்சு நுழைய முடியாது, உசரமான டெண்ட் வேணும். அடுத்தது: வைதேகி மாமி அன்னிக்கு வெறுங்கையோட போயிட்டாங்க, ஏலகிரி போகல, கடைப்பக்கம் வரக் கூச்சமா கீதாம். மூடுவதற்குள் அதற்கடுத்ததும் வந்துவிட்டது: ஓனர் இருந்தா வேணாம், அந்தம்மா இருந்தா வரேன்.

ஒவ்வொன்றின் அடியிலும் அனுப்பியவர் பெயர் இருந்தது; ஓரத்தில் மொத்தப் பட்டியலும் தெரிந்தது. பாஷா நிரப்பியது போக மீதி எண்பத்திரண்டிலும் ஒரே பெயர். ஜமீலுன்னிசா.

சிரிப்பு முன்வரிசையில் கிளம்பிக் கடைசி வரிசைவரை போனது. மைக்கை அணைக்கத் தெரியாமல் பாஷா விட்ட பெருமூச்சும் எல்லோருக்கும் கேட்டது.

திரும்பும்போது ஆட்டோ பாண்டி பஜாரை எட்டியது. அங்கேதான், எல்லாம் அவளே இட்டுக்கட்டியதா என்று பாஷா கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டால் தேவலை என்றிருந்தது.

"எழுதினது நான். சொன்னது அவங்க" என்றாள் ஜமீலுன்னிசா. "படிவம் வந்தா யாரு நிரப்புவா? விரலால தள்ளிக்கினு போயிடுவாங்க. நான் போன் போட்டு, நல்லா கீறீங்களான்னு கேட்டேன். அரைமணி நேரம் பேசறாங்க."

"என்னாண்ட நேரா சொல்லியிருக்கலாமே."

"நான் சொன்னா வம்பு. டேட்டா சொன்னாதானே நீங்க கேப்பீங்க."

ஹாலில் சிரித்ததைக்கூடப் பாஷா பொறுத்துக்கொண்டிருப்பார். கைப்பைக்குள் குனிந்துகொண்ட மாமியின் முகம்தான் திரும்பத் திரும்ப வந்தது. அவமானப்படுத்தியது மூன்றாம் மனிதர் முன்னால். மன்னிப்பையும் அப்படித்தான் கேட்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது. ஆட்டோக்காரர் காதில் விழும்படியாகவே கேட்டார். தப்பு தன்னுடையது என்றார். பன்னிரண்டு வருஷமாகக் கடையை நடத்தியது அவள் பேச்சுதான் என்றார். ஆட்டோக்காரர் கண்ணாடியைத் திருப்பி வைத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"நாளைக்குக் கீழ வந்து உக்காரு, ஜமீலா."

அவள் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "முடியாதுங்க. கூட்டம் முடிஞ்சதும் கணேசமூர்த்தி அண்ணன் வந்து கேட்டாரு. சங்கத்துல கீற இருபது கடைக்கும் நான்தான் போன் போட்டு விசாரிக்கணுமாம். ஒத்துக்கினேன்."

"அப்ப நம்ம கடை?"

"லிஸ்ட்ல பதினோராவது. முறை வந்தா கூப்பிடறேன்."