கொள்ளுத்தாத்தா பிறந்த கதை

மனிதரில் வம்சம் துருவிகள் என்றோர் இனம் உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாளே இவர்களுக்குத் தாம் யார் என்ற சந்தேகம் வந்துவிடும். மனைவியைக் கேட்டால் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவார். அதில் இவர்களுக்குத் திருப்தி இல்லை. பூதக்கண்ணாடி, தூசுக்குக் கைக்குட்டை, தண்ணீர் பாட்டில் சகிதம் பிறப்பு இறப்பு அலுவலகத்தின் மாடிக்கு ஏறி, பழைய பதிவேடுகள் அடுக்கிய அறையில் மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்து, பக்கம் பறக்கிறதென்று அந்த விசிறியையும் நிறுத்தி, எல்லோரையும் வேர்க்க வைத்துவிட்டுத்தான் தேடத் தொடங்குவார்கள்.

நமக்குத் தெரிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். தம் கொள்ளுத்தாத்தா ஒரு நீதிபதியின் பிள்ளை என்பது அவர் கட்சி. போன வாரம் பதிவு கிடைத்தது. பெயர் சரி, தெரு சரி, தாயார் பெயரும் சரி. தகப்பனார் தொழில் மட்டும் 'சமையல்' என்றிருந்தது.

"இது எங்க ஆள் இல்லம்மா."

"எல்லாம் பொருந்துதே சார்?" என்றார் எழுத்தர் அம்மா.

"சமையல் பொருந்தலியே. அடுத்த வருஷத்த எடுங்க."

ஏற்கெனவே பிறந்துவிட்ட மனிதரை மறுபடி பிறக்கச் சொன்னால், பாவம், அவர்தான் என்ன செய்வார்?

அப்போது மகளிடமிருந்து போன். பிரசவத்துக்கு வந்திருப்பவள், கணவன் வெளிநாட்டில். பிறப்புச் சான்றிதழ் இருந்தால்தான் குழந்தைக்குப் பாஸ்போர்ட், பாஸ்போர்ட் இருந்தால்தான் பயணம்.

"அப்பா, பையன் பொறந்தத பதியச் சொல்லி ஆஸ்பத்திரிச் சீட்டு குடுத்தேனே, என்னாச்சு? அவர் இன்னும் புள்ளயத் தூக்கிக்கூடப் பாக்கலப்பா."

நம்மவர் சட்டைப்பையைத் தடவினார். அந்தச் சீட்டைப் பக்க அடையாளத்துக்கென்று ஏதோ ஒரு பதிவேட்டுக்குள் செருகியிருந்தார். எந்தப் பதிவேடு? நினைவில்லை. புதுப் பிறப்புகளைப் பதியும் ஜன்னல் கீழ்த்தளத்தில்தான். தினமும் அதைத் தாண்டித்தான் மாடி ஏறுகிறார். மூச்சிரைக்க அங்கே ஓடினார்.

"சீட்டு இல்லயா? சரி, கொழந்த பொறந்த தேதியாவது சொல்லுங்க," என்றார் ஜன்னல்காரர்.

"வெள்ளிக்கிழமைன்னு ஞாபகம்..."

"போய்ச் சீட்ட எடுத்துட்டு வாங்க சார்."

மறுபடி மாடி. சற்று முன்புவரை கொள்ளுத்தாத்தாவைத் தேடியவர், இப்போது அதே தூசுக்குள் பேரனைத் தேடுகிறார்.

நீங்கள் அந்த ரகம் இல்லையாக்கும்? ரொம்ப சந்தோஷம். உங்கள் கடைசிப் பிள்ளை பிறந்த தேதியைச் சட்டென்று சொல்லுங்கள் பார்ப்போம்.

அட, அதற்குள் ஏன் சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுக்கிறீர்கள்?