பிள்ளைத்தாச்சிக் குதிரைக்கு எள்ளுருண்டை

உலகத்தின் மிக அரிதான குதிரைகளில் ஒன்றை எள்ளுருண்டை கொடுத்து நொண்ட வைத்தவள் நான். இதை எந்த வேலை விண்ணப்பத்திலும் எழுதியதில்லை. அனுபவம் என்ற இடத்தில் "காட்டுக் குதிரைகளின் உடல்நலம், இரண்டு ஆண்டுகள்" என்று மட்டும் போடுவேன். (பொய்யில்லை. அந்த உடல்நலம் யாருடைய கையால் கெட்டது என்று ஒருவரும் கேட்பதில்லை.)

அப்போது கனடாவில், மொன்றியல் டவுன்டவுனில் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். என் ஆய்வு, மொங்கோலியக் காட்டுக் குதிரைகளைப் பற்றியது. ஒரு காலத்தில் காட்டில் ஒன்றுகூட இல்லாமல் அழிந்து, மனிதர் அடைத்து வைத்திருந்த ஒரு சிலவற்றின் வம்சமாக மீண்டு வந்த இனம் அது. கட்டைக் கால், குத்திட்டு நிற்கும் பிடரி, யாரையும் முதுகில் ஏற்றாத திமிர். நகரத்துக்கு வெளியே ஒரு விலங்குப் பூங்காவில் ஆறு இருந்தன. வேலிக்கு இப்பால் நின்று அவை என்ன செய்கின்றன என்று எழுதுவதும், லத்தியைப் பொறுக்கி வந்து பல்கலைக்கழக நிலக்கீழ் அறையில் ஆராய்வதும் என் வேலை. அம்மா சொந்தக்காரரிடம் "பிள்ளை டொக்டருக்குப் படிக்குது" என்று சொல்லி வைத்திருந்தார்.

அந்த ஆறில் ஒன்று சினையாக இருந்தது. இப்படிப்பட்ட இனத்தில் ஒரு குட்டி என்றால் சும்மா இல்லை. அதை எதிர்பார்த்து வேறு நாடுகளிலிருந்தெல்லாம் கடிதம் வந்துகொண்டிருந்தது.

ஒருநாள் மத்தியானம் வேலியடியில் நின்று, ரொக்ஸ்பரோ வீட்டிலிருந்து அம்மா தந்துவிட்ட எள்ளுருண்டையைக் கடித்துக்கொண்டிருந்தேன். அம்மா போன் எடுத்தார்.

"எங்கை நிக்கிறாய்? என்ன வாய்க்குள்ளை?"

"குதிரையடியிலை. உங்கடை உருண்டைதான்."

"அந்தப் பிள்ளைத்தாச்சியும் நிக்குதோ?"

"ஓம், முன்னாலைதான் நிக்குது."

"அடி விசரி! அது பாத்துக்கொண்டு நிக்க நீ தனியத் தின்னுறியோ? கண்ணிலை கட்டி வரப்போகுது. முதல்லை அதுக்கு ஒண்டைக் குடு."

பிள்ளைத்தாச்சிக்குக் கொடுக்காமல் தின்றால் கண்ணில் கட்டி வரும் என்பது எங்கள் வீட்டில் சட்டம். கண்கட்டி கிருமியால் வருகிறது என்று எனக்குத் தெரியும். அந்தக் குதிரைகளின் உடம்பு வறண்ட வெளியில் காய்ந்த புல்லைத் தின்று பிழைக்கப் பழகியது, இனிப்புச் சேர்ந்தால் குளம்புக்குள் அழற்சி வரும் என்றும் தெரியும். அதைப் பற்றி இருபது பக்கம் எழுதியவளே நான்தான். ஆனால் அந்த நேரம் பார்த்து குதிரை தலையைத் திருப்பி என் கையைப் பார்த்தது. உருண்டை வேலிக்கு அப்பால் போய்விட்டது.

அடுத்த நாள் அது எனக்காகக் காத்து நின்றது. பிறகு நாளுக்கு இரண்டு, மூன்று. அம்மா தனி டின் போடத் தொடங்கினார்: "இது உனக்கு. இது அவளுக்கு." நான் வெட்கமில்லாமல் என் கொப்பியில், "சினைக் குதிரை தானாகவே வேலியருகே வருகிறது, காரணம் தெரியவில்லை" என்று எழுதினேன். கால்நடை மருத்துவரான என் பேராசிரியை அதன்கீழ் கோடிட்டு, "மிக முக்கியமான அவதானிப்பு" என்று பாராட்டியிருந்தார்.

நான்காவது வாரம் குதிரையால் முன்னங்காலை ஊன்ற முடியவில்லை. குளம்பு கொதித்தது.

"தொற்று என்றால் மற்றவற்றுக்கும் பரவும்," என்றார் பேராசிரியை. "வியாழக்கிழமை மயக்க ஊசி போட்டுப் பிரித்துவிட வேண்டும். குட்டி தப்புமோ தெரியாது. வித்தியாசமாக ஏதாவது தின்றதா?"

"இல்லை," என்றேன்.

அன்றும் மறுநாளும் நிலக்கீழ் அறையில் இருந்து, லத்திக்குள் கிடந்த எள்ளை ஒவ்வொன்றாக இடுக்கியால் பொறுக்கி ஒரு கண்ணாடித் தட்டில் போட்டேன். குப்பையில் கொட்ட எழும்பும்போது பேராசிரியை உள்ளே வந்தார். தட்டைப் பார்த்தார். கண் விரிந்தது.

"நம்முடைய புல்வெளியில் இல்லாத விதை! இதையா இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருந்தாய்? பிரமாதம், வாசுகி!" என்று என் தோளைத் தட்டினார். இதுதான் நஞ்சாக இருக்கவேண்டும், தாவரவியல் துறைக்கு இப்போதே அனுப்புவோம் என்று உறை தேடினார். ஆனால் முடிவு வரும்வரை மயக்க ஊசியைத் தள்ளிப்போட முடியாது என்றார்.

"அது எள்ளு," என்றேன். "அம்மா செய்தது. நான் கொடுத்தது."

எத்தனை என்று கேட்டார். சொன்னேன். எத்தனை நாள் என்று கேட்டார். அதையும் சொன்னேன். பிறகு ஏன் என்று கேட்டார். ஒரு பேராசிரியைக்குக் கண்கட்டிச் சட்டத்தைப் பிரெஞ்சில் விளக்குவது எவ்வளவு கேவலம் என்பது அன்று தெரிந்தது. முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "உன் கண்ணுக்காகவா?" என்றார். அவ்வளவுதான். தொலைபேசியை எடுத்து ஊசியை நிறுத்தச் சொன்னார்.

குதிரைக்கு வெறும் காய்ந்த புல்லும் மிருதுவான மணலும் கொடுத்தார்கள். மெல்ல மெல்லத் தேறியது. குட்டியும் நலமாகப் பிறந்தது. என்னை மட்டும் வேலிப்பக்கம் விடவில்லை. அம்மா, "நான் சொல்லித்தானே குடுத்தனி, பாவம் அது," என்று அழுதார். ஆனால் உருண்டை கொடுத்ததுகூட எனக்குப் பெரிதில்லை. நான் "இல்லை" என்று சொன்ன பிறகு இரண்டு நாள் அது மூன்று காலில் நின்றதே, அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

போன கோடையில் என் ஐந்து வயது மகளோடு அந்தப் பூங்காவுக்குப் போனேன். குதிரைகளிடம் போகுமுன் வழிகாட்டிப் பெண், "எல்லோரும் ஒரு வாசுகி செய்யுங்கள்," என்று பிரெஞ்சில் சொல்லித் தன் பொக்கற்றுகளை வெளியே இழுத்துக் காட்டினாள். தின்பண்டம் இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையாம். அது என்ன சொல் என்று ஒருவர் கேட்டார். "மொங்கோலியச் சொல்லாக இருக்கவேண்டும்," என்றாள்.

நான் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மகள் எல்லாருக்கும் கேட்க, "இல்லை, அது என் அம்மாவின் பெயர்!" என்றாள்.

இருபது பேர் திரும்பினார்கள். இம்முறை நான் "இல்லை" என்று சொல்லவில்லை. பொக்கற்றுகள் இரண்டும் வெளியே தொங்க, கண்கட்டி உட்பட முழுக் கதையையும் பிரெஞ்சில் சொல்லி முடித்தேன்.

இப்போது நாங்கள் யார் வீட்டுக்கு வெளிக்கிட்டாலும் மகள் வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறாள். கணவரைச் சோதிப்பதில்லை. "அம்மா, நீங்கள் மட்டும்," என்கிறாள்.