வாணாம் டாக்டர்

வந்த பேஷன்டைத் திருப்பி அனுப்பியே பேர் வாங்கிய டாக்டர் எனக்குத் தெரிந்து உலகத்தில் ஒருவர்தான். அவர் விழுப்புரத்தில் இருக்கிறார். பிளாஸ்டிக் சர்ஜன். போர்டில் பேருக்குப் பின்னால் பட்டங்கள் ரயில் பெட்டிகளாக நீளும். ஆனால் 'வாணாம் டாக்டர்' என்றால்தான் ஆட்டோ கிளம்பும்.

தீக்காயம், உதடு பிளந்து பிறந்த குழந்தை, மல்லாட்டை என்று நாங்கள் சொல்கிற வேர்க்கடலையை உடைக்கிற மெஷினில் விரல் விட்டவர் என்று யாராவது வந்தால் சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடுவார். அழகுக்காக வந்தால் மட்டும் சுலபத்தில் கத்தியைத் தொடமாட்டார்.

அனந்தபுரத்துப் பையன் ஒருவன் நடிகர் படத்தைக் காட்டி, "இதே மூக்கு வேணும் சார்" என்றானாம்.

"மூக்கு நான் குடுத்துடுவேன். லைட்டு புடிக்க நாலு பேரு, மேக்கப்புக்கு ரெண்டு பேரு, அவங்களுக்கு எங்க போவ? வாணாம், போ."

ஒரு மாமியார் மருமகளை இழுத்து வந்து, "இவ உதட்ட கொஞ்சம் சின்னதாக்குங்க" என்றார். டாக்டர் மாமியாரை வெளியே உட்காரவைத்து மருமகளிடம் விசாரித்தார். பிறகு மாமியாரைக் கூப்பிட்டு, "ஆசை உங்களுக்குத்தானாம். நீங்க படுத்துக்குங்க, பண்ணிடலாம்" என்றாராம். அந்தம்மா ஜல்தியாகப் பஸ் ஏறிவிட்டார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரித்த நானே ஒரு நாள் திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறினேன். என் மனைவி மீனா மஸ்கட்டில் நர்ஸ். வீடியோ காலில் பேசும்போதெல்லாம் திரையின் ஓரத்துச் சின்னக் கட்டத்தில் என் முகம் தெரியும். முகம் என்பதை மரியாதைக்குச் சொல்கிறேன். ஒரு கத்தரிக்காய், அதற்குப் பின்னால் இரண்டு கண். வெளிநாட்டில் எத்தனையோ மூக்குகளைப் பார்க்கிறவள், இதை எத்தனை நாள் சகிப்பாள்? சமீபமாகப் பேச்சும் குறைந்திருந்தது. காரணம் மூக்குதான் என்று முடிவே கட்டிவிட்டேன்.

வீடியோ காலில் மூக்கு பெரிதாகத் தெரிகிறது என்று நான் சொன்னதும் டாக்டர் என் போனை வாங்கி, என் முகத்துக்கு நேராக ஒட்டிப் பிடித்து ஒரு படம் எடுத்தார். பிறகு கதவருகே போய் நின்று இன்னொன்று. முதலாவதில் கத்தரிக்காய். இரண்டாவதில் சாதாரண மூக்கு.

"மூக்கு பெருசு இல்லீங்க. போனு கிட்ட. இன்னா தொழில் பண்றீங்க?"

"வியாபாரம் சார்" என்றேன். செல்போன் கடை வைத்து, கேமராவைப் பற்றி ஊருக்கே வகுப்பெடுக்கிறவன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"எப்பலேந்து இந்தப் பேஜாரு?"

"வீட்டுக்காரி மஸ்கட் போனதுலேந்து."

"அவங்ககிட்ட பேசிக்கினு இருக்கறப்ப யார பாப்பீங்க?"

"என்னைத்தான்."

"அவங்களும் உங்கள பாக்கறாங்க, நீங்களும் உங்களையே பாத்துக்கினு இருந்தா, அந்தம்மாவ யாரு பாக்கறது? ஆப்ரேஷன் வாணாம். போய்ப் பேசுங்க."

அன்று சாயங்காலம் அந்தக் கட்டத்தைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு பேசினேன். மீனாவின் கன்னம் ஒட்டிப்போயிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு.

"மீனா, இன்னா இப்டி எளைச்சிட்ட?"

"இப்பவாவது கேட்டீங்களே" என்றவள் அழ ஆரம்பித்துவிட்டாள். கூட இருந்தவள் ஊருக்குப் போய்விட, ரெண்டு பேர் வேலையையும் இவளே செய்துகொண்டிருந்தாளாம். நான் கவலைப்படுவேன் என்று சொல்லவில்லையாம். நான் மூக்குக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது.

லீவில் வந்தபோது அவளை விழுப்புரத்துக்கு அழைத்துப் போனேன். டாக்டர் அவளோடு டியூட்டி, தூக்கம், கால்வலி என்று பேசிக்கொண்டே இருந்தார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத்தான் அந்த மனுஷரை இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்போல இருந்தது.