அமெரிக்க வேர்ப்பாறை இறுவட்டு வெளியீட்டு விழா

மைக் கையில் கிடைத்தால் நான் நல்ல மனிதன் இல்லை. இதைக் கண்டுபிடிக்க எனக்கு முப்பத்து நான்கு நிமிடம் எடுத்தது. அந்த முப்பத்து நான்கு நிமிடமும் அனிற்றாவுடையது.

அனிற்றா என் மனைவியின் தங்கை. குடும்பம் புலம்பெயர்ந்து வந்த பிளேஸ்டோவில் பிறந்து, கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் கிற்றார் பழகி, இருபத்து மூன்று வயதில் பத்துப் பாட்டுகள் கொண்ட இறுவட்டு ஒன்றைச் செய்து முடித்திருந்தாள். எல்லாம் ஆங்கிலப் பாட்டு. அமெரிக்கானா ரூட்ஸ் ரொக் என்று அந்த வகைக்குப் பெயர். தூசி பறக்கும் நெடுஞ்சாலை, லொறி, விட்டுப்போன காதலன் ஆகிய மூன்றும் அதற்கு அவசியம். (அவளுடைய நெடுஞ்சாலை பார்க்கிங் என்ற ஊர்ப்பக்கம் போகிற ஏ13 சாலை. தூசிக்குக் குறைவில்லை.)

அவள் பப்புகளில் பாடி வந்தாள். அவளுடைய அப்பா, அதாவது என் மாமா, ஒருநாளும் போய்க் கேட்டதில்லை. லொறி ஓட்டுகிறவர், பப் வாசலில் காலை வைக்காதவர். இறுவட்டின் கடைசிப் பாட்டு அவரைப் பற்றியது என்பது அவருக்குத் தெரியாது. அதை அவர் முன்னால் பாடிவிட வேண்டும் என்பதற்காகவே அனிற்றா கோயில் மண்டபத்தை எடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை, மூன்று மணி முதல் ஆறு மணி வரை. ஆறு மணிக்குக் கராத்தே வகுப்பு.

“அத்தான், சும்மா ரெண்டு சொல்லுச் சொல்லி என்னைக் கூப்பிட்டு விடுங்கோ. காணும்,” என்றாள்.

நான் அப்போது ஒரு தமிழ்ப் பத்திரிகையில் உதவி ஆசிரியன். வயது இருபத்தொன்பது. உலகம் என் கருத்துக்காகக் காத்திருப்பதாக நம்பினேன். “வெளியீட்டு விழா எண்டால் அதுக்கொரு முறை இருக்கெல்லோ,” என்று சொல்லி நிகழ்ச்சி நிரல் எழுதினேன். விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை (மூன்று), வெளியீட்டுரை, முதற்பிரதி வழங்கல், நயவுரை, ஏற்புரை, நன்றியுரை. பாட்டு எங்கே என்று மனைவி கேட்டாள். ஏற்புரைக்குள் அடங்கும் என்றேன்.

இசை வகையையும் தமிழில்தான் போடவேண்டும் என்பது என் கொள்கை. அழைப்பிதழில் ‘அமெரிக்க வேர்ப்பாறை இசை’ என்று போட்டேன். (அச்சாகி வந்த பிறகும் அது எனக்கு அழகாகவே தெரிந்தது.)

தலைமை தாங்க வந்த ஊர்ச்சங்கத் தலைவர் அதில் முதல் சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, அமெரிக்காவின் வெளிநாட்டுக் கொள்கையைப் பற்றி இருபத்தாறு நிமிடம் பேசினார். வாழ்த்துரை சொன்ன ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ‘பாறை’யைப் பிடித்துக்கொண்டார். எரிமலைப் பாறையில் தொடங்கிச் சுண்ணாம்புக்கல்லில் முடித்தார். மேடை ஓரத்தில் அனிற்றாவின் வாத்தியக்காரர் மூவரும் எதுவும் விளங்காமல், மிக மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் தாடி வைத்தவர் அதுவரை ஏழு மட்டன் ரோல்ஸ் முடித்திருந்தார்.

ஐந்து பதினெட்டுக்கு நயவுரைக்காக, அதாவது பாட்டுகளின் நயத்தை எடுத்துச் சொல்வதற்காக, நான் எழுந்தேன்.

பத்துப் பாட்டுகளையும் ஒவ்வொன்றாக நயந்தேன். வாசல் விளக்கை அணைக்காதே என்று ஒரு பாட்டு. அது தாயகத்தின் அழைப்பு என்றேன். (வீட்டுப் பூட்டின் திறப்பைத் தொலைத்துக்கொண்டே இருந்த ஒரு பழைய காதலனைப் பற்றியது என்று பிறகு அறிந்தேன்.) அனிற்றா கைக்கடிகாரத்தைக் காட்டினாள். தலையசைத்துவிட்டுத் தொடர்ந்தேன். கடைசிப் பாட்டு வந்தது.

“இதில வாற லொறி, லொறி இல்லை,” என்றேன்.

முன்வரிசையில் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அது புலம்பெயர்ந்த மனத்தின் குறியீடு. அதை ஓட்டுறவர் எண்டு ஒருவரும் கிடையாது.”

“இஞ்சேருங்கோ, காணும்! இறங்குங்கோ!” இது மனைவி, நான்காம் வரிசையிலிருந்து. சபை சிரித்தது. சபை என் பக்கம் என்று நினைத்து தாளில் இன்னும் இரண்டு பந்தி வாசித்தேன்.

இறங்கும்போது ஐந்து ஐம்பத்திரண்டு. கதவடியில் வெள்ளை உடுப்போடு கராத்தே வகுப்பு வரிசையாக நின்றது. மண்டபப் பொறுப்பாளர் திறப்புக் கொத்தை ஆட்டிக்கொண்டிருந்தார். டிரம்ஸ் பூட்ட நேரமில்லை. அனிற்றா கிற்றாரோடு தனியே வந்தாள். கண் சிவந்திருந்தது. நான் வைத்துவிட்டு வந்த மைக்கை அவள் தொடவில்லை.

“அப்பா, திஸ் இஸ் யூ,” என்றுவிட்டுப் பாடத் தொடங்கினாள்.

விடியற்காலை வேலை முடிந்து, தெரு முனையிலேயே லொறியை நிறுத்திவிட்டு, பிள்ளைகள் எழும்பாதபடி கால் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வருகிற ஒரு மனிதர். பாட்டில் அவ்வளவுதான். நான்கு நிமிடம். அதில் குறியீடு ஒன்றுகூட இல்லை.

முதலில் கைதட்டியது கராத்தே வகுப்புத்தான். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். திரும்பவும் கழற்றினார்.

“இங்கிலீசுப் பாட்டு, விளங்கினதோ அண்ணை?” என்று தலைவர் குனிந்து கேட்டார்.

“பாட்டு வடிவா விளங்கினது,” என்றார் மாமா. “மருமகன் கதைச்சதுதான் விளங்கேல்லை.”

அனிற்றா என்னோடு மூன்று மாதம் கதைக்கவில்லை. அதற்குள் ‘நயவுரை’ எங்கள் குடும்பத்தில் நேரத்தை அளக்கும் அலகாகிவிட்டது. பார்க்கிங்கிலிருந்து டூட்டிங்குக்கு எவ்வளவு நேரம் என்று யாராவது கேட்டால், “ரெண்டு நயவுரை. ரோட்டு வேலை நடந்தால் தலைமையுரையையும் சேர்,” என்று பதில் வரும். என் பிள்ளைகளும் இப்படித்தான் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

மாமா இப்போது மகள் பாடுகிற எந்தப் பப்பையும் விடுவதில்லை. ஓரேஞ் ஜூஸோடு முன்னுக்கு நிற்பார். போன கிழமை டூட்டிங்கில் ஒரு கச்சேரி. எனக்கும் போன் எடுத்தார். பத்திரிகை வேலை கிடக்குது, பார்ப்பம் மாமா என்று இழுத்தேன்.

“தம்பி, நீர் பேசாமல் வாரும்,” என்றார்.

போனேன். பேசவில்லை.