என் அண்ணனை எனக்கு அறிமுகப்படுத்தியதற்குக் கமிஷன்

மரியாதைக்குரிய அண்ணா அவர்களுக்கு,

தம்பி எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் வேண்டும், எழுதிவிட்டேன். உங்கள் சுகத்தை வீட்டுத் தரகர் மூலமாக விசாரிக்கலாமென்று பார்த்தேன். அதற்கும் இரண்டு சதவீதம் கேட்பார் என்பதால் நேரடியாக எழுதுகிறேன்.

ஒரு காலண்டர் மாட்ட ஆணி அடிக்கவும் வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்டுக் கேட்டே எனக்கு நாற்பத்தொன்பது வயதாகிவிட்டது. போதும் இந்தப் பிழைப்பு என்றுதான் சொந்த வீடு தேடி அந்தத் தரகரிடம் போனேன். கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுகிற ஆள். விற்கிறவர் யார் என்று சொல்ல மாட்டார், தெரு எது என்று சொல்ல மாட்டார். சொன்னால் நாம் அவருக்குத் தெரியாமல் நேரே போய்ப் பேசி முடித்துக்கொள்வோமாம். அதனால் முதலில் ஒரு தாளில் கையெழுத்து. அவர் காட்டுகிற வீட்டை ஒரு வருஷத்துக்குள் எந்த வழியில் வாங்கினாலும் விலையில் இரண்டு சதவீதம் அவருக்கு. அதைக் கார் பானெட்டில் வைத்துப் படிக்காமலே போட்டுக் கொடுத்தேன். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் உட்கார்ந்து பாலிசியின் பொடி எழுத்தை ஊருக்கெல்லாம் படித்துச் சொல்கிறவன் நான். வெளியே சொன்னால் வெட்கக்கேடு.

அப்புறம் காரில் ஏத்தி இடது, வலது, மறுபடி இடதுன்னு ஒரே மருந்துக்கடையை மூணு தடவை சுத்திக் காட்டினார். வழி மனசுல நிக்கக் கூடாதாம். நமக்கா நிக்காது? அட, இது அண்ணன் வீட்டுப் பக்கமாச்சே, வீடு அமைஞ்சா அவங்களுக்குப் பக்கத்துலயே வந்துடலாமேன்னு எனக்குச் சந்தோஷம் வேற. வண்டி நின்னுது. எதிர்ல நீலக் கேட். அதுக்குப் பெயின்ட் அடிச்சதே நான்தான் அண்ணா. நீங்க கதவைத் திறந்தீங்க. அந்தப் புண்ணியவான், "சார் ரெடி கேஷ் பார்ட்டி, முழுப் பணமும் கையில வெச்சிருக்கார்"னு என்னை உங்களுக்கு அறிமுகம் செய்யுறார். நீங்க என்னை ஒரு பார்வை பார்த்தீங்க.

"உள்ள வாங்க சார், பாருங்க."

பொறந்ததுலேர்ந்து என்னை வாடா போடான்னு கூப்பிட்ட வாய். வாங்க சாராம். நானும் பைத்தியக்காரனாட்டம் உள்ள வந்து, பாத்ரூம் எந்தப் பக்கம்னு கேட்டேன். அவர் சுவரைத் தட்டிக் காட்டினார், தண்ணித் தொட்டியைத் திறந்து காட்டினார், அண்ணி படுத்திருந்த ரூமை மட்டும் அப்புறம் பார்க்கலாம்னு சாத்திட்டார். வீட்டை விக்கிறேன்னு கூடப்பிறந்தவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? ஊரான் கூட்டிட்டு வந்து காட்டியா எனக்குத் தெரியணும்? நீங்க கேட்பீங்க, நாலு மாசம் முன்னாடி அண்ணி ஆபரேஷனுக்குக் கடன் கேட்டப்போ கையில காலணா இல்லைன்னியே, இந்த முழுப் பணம் எங்கேர்ந்து முளைச்சுதுன்னு. அது வேற விஷயம் அண்ணா. அது வீட்டுக்குன்னு எடுத்து வெச்ச பணம். எடுத்து வெச்ச பணம் கையில இருக்கிற பணமாகுமா? அதையும் இதையும் போட்டுக் குழப்பாதீங்க.

மறுநாளே தரகர் ஆபீஸுக்குப் போய்ச் சண்டை போட்டேன். நான் அண்ணன்கிட்டயே வாங்கிக்கிறேன், உங்களுக்கு எதுக்குக் கமிஷன்? அவரை எனக்கு அறிமுகம் பண்ணது எங்கம்மா, அவங்களே ஒத்தைக் காசு கேட்டதில்லைன்னேன். அவர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கிட்டு நிதானமாச் சொன்னார்:

"அண்ணன் தம்பியா உங்களை நான் சேர்த்து வைக்கல சார். விக்கிறவரையும் வாங்குறவரையும்தான் சேர்த்து வெச்சேன். வீடு விலைக்கு வருதுன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

செருப்பை மாட்டிக்கிட்டு வெளியே வந்துட்டேன். கண்டவன்கிட்ட நான் தலைகுனிஞ்சது உங்களாலதான்.

ஆகவே அண்ணா, ஒரு தாளில் 'வீட்டை விற்கப்போவதைத் தம்பியிடம் நான் முன்பே சொல்லியிருந்தேன்' என்று எழுதி, நாலு மாதத்துக்கு முந்தைய தேதி போட்டு அனுப்பவும். பொய்தான். ஆனால் நீங்கள் சொல்லியிருந்தால் அது உண்மையாக இருந்திருக்கும், தப்பு என் பேரில் இல்லை. கமிஷனில் மிச்சமாவது ஆளுக்குப் பாதி. விலையிலும் கூடப்பிறந்தவன் என்று கொஞ்சம் பார்த்துச் செய்யவும். பெரியவரான உங்கள் ஆசி எங்கள் புது வீட்டுக்கு, அதாவது உங்கள் வீட்டுக்கு, எப்போதும் வேண்டும்.

இப்படிக்கு,
பணிவுள்ள தம்பி

பி.கு.: உறையை ஒட்டிய பிறகு தரகர் போன் செய்தார். பிரித்து எழுதுகிறேன். வீட்டை நேற்றே வேறொருவருக்கு முடித்துவிட்டீர்களாம், நான் அவரிடம் சொல்லியிருந்த விலையைவிட ஒரு லட்சம் குறைத்து. "அந்தப் பார்ட்டிக்கு மட்டும் வேண்டாம்னு வீட்டுக்காரர் சொல்லிட்டார் சார். உங்க தாளைக் கிழிச்சுட்டேன், நீங்க எனக்கு ஒண்ணும் தர வேண்டாம்" என்றார். கமிஷன் தொல்லை விட்டது, நான் சந்தோஷப்பட வேண்டும். முடியவில்லை. மேலே எழுதினதை எல்லாம் திரும்பப் படிச்சுப் பார்த்தேன். இத்தனை எழுதினவன் அண்ணி எப்படி இருக்காங்கன்னு ஒரு இடத்துலயும் கேக்கல. எப்படி இருக்காங்க அண்ணா?