நாலு வழிகாட்டிகளும் ஒரு பேக்கரியும்

"படிச்சிட்டேதான் இருக்கேன்மா," என்றார் பேராசிரியர். நான்கு மாதமாக அந்த ஆய்வறிக்கையின் இரண்டாம் பக்கத்திலேயே இருந்தார்.

அறிக்கையை எழுதியவள் நுரையீரல் ஆய்வு மையத்தில் பயிற்சிக்குச் சேர்ந்த இளம் விஞ்ஞானி. பேக்கரியில் மாவு பிசைகிறவர்களை ஒரு கருவியில் ஊதச் சொல்லி, மாவுத் தூசி அவர்கள் மூச்சை எவ்வளவு கெடுத்திருக்கிறது என்று அளந்திருந்தாள். வழிகாட்டியான பேராசிரியர் சரி என்றால்தான் முடிவை வெளியிடலாம். முடிவைக் கண்ணால் பார்க்காமல் எக்ஸாஸ்ட் ஃபேன் மாட்ட மாட்டேன் என்று பேக்கரி முதலாளி சொல்லிவிட்டார். அங்கே பாதிப் பேருக்கு இருமல். இவளுடைய பயிற்சிக் காலமோ வருஷக் கடைசியோடு முடிகிறது.

பொறுத்துப் பார்த்துவிட்டு இயக்குநரிடம் போய் நின்றாள். அவர் மனம் இளகி இரண்டாவதாக ஒரு வழிகாட்டியைப் போட்டார். தலைக்கு மேல் வேலை இருக்கிற மனிதர், கேட்டதுமே சம்மதித்தார். எவ்வளவு பெரிய மனசு என்று அவள் நெகிழ்ந்துபோனாள்.

இரண்டாமவர் அன்றைக்கே படித்தும் விட்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. எல்லாரையும் நிற்க வைத்து மறுபடி ஊதச் சொல் என்றார். முதலாமவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்து, உட்கார்ந்து ஊதினதுதான் கணக்கு, வேண்டுமானால் இன்னொரு தடவை உட்கார வைத்து ஊதச் சொல் என்றார். நின்றும் உட்கார்ந்தும் ஊதித் தலை சுற்றிப்போன பேக்கரிக்காரர்கள், இவள் தலை தெரிந்தாலே மாவு மூட்டைக்குப் பின்னால் ஒளிந்தார்கள்.

சமரசம் பேச மூன்றாமவர் வந்தார். இருவர் மனமும் நோகக் கூடாதாம். அதனால் பேக்கரியையே விட்டுவிட்டு மரப்பட்டறைக்குப் போய் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்.

இவர்களுக்கு வழிகாட்டத் தெரியவில்லை என்று இயக்குநருக்கு ஒருவழியாக உறைத்தது. மூவருக்கும் பயிற்சி கொடுக்க நாலாமவரைக் கூட்டிவந்தார். வாராவாரம் வகுப்பு. செய்து பார்க்க ஒரு ஆள் வேண்டுமே, இவளை நடுவில் உட்கார வைத்தார்கள். இளையவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி என்பது பாடம். அவள் வாயைத் திறந்தாள்.

"நீ கொஞ்சம் சும்மா இரும்மா, இது எங்களுக்கான வகுப்பு."

அன்று சாயங்காலம் பேக்கரி மாஸ்டர் போன் செய்தார். "என் மச்சான் இருமி இருமி வேலையை விட்டே நின்னுட்டான்மா. எங்க நுரையீரலுக்கு என்னதான் ஆச்சு, அதையாவது சொல்லேன்."

பதில் அவளிடம் இருந்தது. சொல்ல அனுமதி இல்லை. போனை வைத்தபோது அவளுக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. எப்படியாவது நாலு பேரையும் சம்மதிக்க வைத்து முடித்துவிடலாம், அதற்குக் காலம் வேண்டும் என்று, வருஷக் கடைசியில் அலுவலக கிளார்க்கிடம் போனாள்.

"இன்னும் ஆறு மாசம் நீட்டிச்சுத் தரணும் சார். நாலு பேரும் கையெழுத்துப் போடணுமாமே. அவங்க எந்த விஷயத்துலயும் ஒத்துப்போனதே இல்லையே."

கிளார்க் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"உங்களுக்கு மூணு வருஷம் நீட்டிச்சாச்சும்மா, நாலு பேரும் ஒண்ணா ஓடிவந்து கையெழுத்துப் போட்டாங்க, பதவி உயர்வு வேணும்னா பயிற்சியில இருக்கிற ஒரு ஆளைக் காட்டணும், இந்தக் கட்டடத்துல இருக்கிறது நீங்க ஒருத்தர்தான், நீங்க முடிச்சிட்டுப் போயிட்டா அவங்க கதி என்ன?"