ஒரே அறையில் இரண்டு படைகள்

சமாதானம் செய்து வைப்பவர்களில் கூப்பிட்டால் வருகிறவர்கள் உண்டு, கூப்பிடாமலே வந்து நிற்கிறவர்களும் உண்டு. நான் இரண்டாவது ரகம். தெருவில் இரண்டு ஆட்டோக்காரர்கள் முறைத்துக்கொண்டால்கூட ஸ்கூட்டரை ஓரங்கட்டிவிட்டு இறங்கிவிடுவேன். (இரண்டு பேரும் சேர்ந்து என்னைத் திட்டிவிட்டுப் போவார்கள். அதுவும் ஒற்றுமைதானே.) இந்த வியாதி முற்றிப்போய், ஓர் ஆப்பிரிக்க நாட்டின் உள்நாட்டுப் போரில் நான் மூக்கை நுழைத்த கதை இது.

நாட்டின் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே பெயர் வெளியே தெரிவது இன்றைக்கும் ஆபத்துதான். ஆட்களின் பெயரையும் மாற்றித்தான் சொல்கிறேன். நம்மை ஆண்ட அதே வெள்ளைக்காரன் ஆண்டுவிட்டுப் போன நாடு. விடுதலை கிடைத்த கொஞ்ச காலத்திலேயே மலைப்பக்கத்தாரும் சமவெளிக்காரர்களும் அடித்துக்கொள்ள ஆரம்பித்து, ஒரு தலைமுறையே அதில் போய்விட்டது. கடைசியில் அண்டை நாடுகள் நடுவில் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டன. அரசு ராணுவமும் மலைக் கிளர்ச்சிக்காரர்களும் சேர்ந்து ஒரே ராணுவமாக வேண்டும். அந்த வீரர்களைப் பதிவு செய்கிற சாஃப்ட்வேரை, இந்திய அரசாங்கத்தின் உதவித் திட்டத்தில், எங்கள் கம்பெனி எழுதியது. ஹைதராபாத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு ஐ.டி. கம்பெனி மேல் விழுகிற காலம். எங்களுடையது, தேடிப் போய் விழுந்தாலும் அகப்படாத அளவுக்குச் சின்னது.

நான் அங்கே டிரெய்னிங் கோஆர்டினேட்டர். அதாவது, விமான நிலையத்தில் பெயர்ப் பலகை பிடிப்பேன், சாப்பாட்டுக்குச் சொல்வேன், தங்க அறை ஒதுக்குவேன். மூன்றாவதில் நான் புலி என்று எனக்கு நினைப்பு.

அதற்குக் காரணம் மல்காஜ்கிரியில் நடந்த சித்தப்பா மகள் கல்யாணம். நாங்கள் ஹைதராபாத்தில் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸ் தமிழ்க் குடும்பம். பெரியப்பாவும் அத்தை வீட்டு மாமாவும் ஒரு மாடிப் போர்ஷனுக்காகப் பல வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை. மண்டபத்தில் இருவரையும் நான் ஒரே அறையில் போட்டேன். காலையில் வெந்நீர் வரவில்லை. இரண்டு பேரும் துண்டோடு சேர்ந்து வெளியே வந்து, மண்டப மேனேஜரை ஒரே குரலில் கிழித்தார்கள். அன்றைக்கு முகூர்த்தத்தில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அதிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த சாஃப்ட்வேரில் பயிற்சிக்கு நான்கு பேர் ஹைதராபாத் வந்தார்கள், தரப்புக்கு இரண்டு பேர். ராணுவத்தின் மூத்தவர் பீட்டர், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உருவம். கிளர்ச்சிப் படையின் மூத்தவர் சாமுவேல், மெலிந்தவர். காட்டுக்குள் போவதற்கு முன்பு பள்ளி ஆசிரியராம். தண்ணீர் கொடுத்தாலும் எழுந்து நின்று நன்றி சொல்வார். அவர்களோடு வந்த, அந்த நாட்டு வெளியுறவு அமைச்சக அதிகாரி கிரேஸ் அம்மையார் என்னைத் தனியே கூப்பிட்டு, ராணுவத்தார் கீழ்த்தளம், மற்றவர்கள் மாடி என்று தெளிவாகச் சொல்லிவிட்டுத் தன் ஓட்டலுக்குப் போனார். நானும் "யெஸ் மேடம்" என்றேன்.

சைனிக்புரியில் கம்பெனி எடுத்திருந்த பங்களாவில் மாடியில் ஓர் அறை, கீழே ஓர் அறை. மாடியில் பீட்டரையும் சாமுவேலையும் போட்டேன், கீழே அவர்களுடைய இளையவர்கள் இருவரையும். அறையைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள், ஆளுக்கொரு சுவரோரம் போய் நின்றார்கள். பெரியப்பாவும் முதலில் இப்படித்தான் இருந்தார் என்று எனக்குள் ஒரே பூரிப்பு. போகும்போது வாட்ச்மேனிடம் சொல்லி கீசரையும் அணைத்து வைத்தேன். (வைத்தியம் பார்த்தால் முழுசாகப் பார்க்க வேண்டாமா?)

மறுநாள் காலை இட்லி ஹாட்பாக்ஸோடு போனேன். சாமுவேல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். காலில் ஷூ, மடியில் பை, கண் சிவந்திருந்தது. மேலே அறைக் கதவு திறக்கவில்லை. பீட்டர் உள்ளேயிருந்து பீரோவை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார். இளையவர்களில் ஒருவன் சமையலறையிலும் மற்றவன் வாட்ச்மேன் கூண்டிலும் இருந்தார்கள். நான்கு பேரும் கண்ணை மூடவில்லை.

எனக்கு ஏன் போன் செய்யவில்லை என்று சாமுவேலிடம் கேட்டேன். அது இந்திய அரசாங்கத்தின் ஏற்பாடு, தங்களைச் சோதித்துப் பார்க்கிறார்கள் என்று நினைத்தாராம். மறுத்தால் ஒப்பந்தத்தை மீறியது தங்கள் தரப்புதான் என்று ஆகிவிடும் என்று பயந்தாராம். அரசாங்கம் இல்லை, நான்தான் என்றேன். ஏன் என்று கேட்டார். வேறு வழி தெரியாமல் பெரியப்பா, மாமா, வெந்நீர் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"உங்கள் பெரியப்பா சண்டையில் எத்தனை பேர் செத்தார்கள்?"

"யாரும் சாகலை சார்."

அவர் தலையாட்டிவிட்டுப் பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஹாட்பாக்ஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். அவ்வளவு கேவலமாக அதற்கு முன்பும் பிறகும் நான் உணர்ந்ததில்லை.

மிச்சத்தை கிரேஸ் அம்மையார் வந்து சொன்னார். சாமுவேலின் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனது பீட்டரின் படைப்பிரிவு. தம்பி திரும்பவில்லை. பீட்டரின் அப்பா சாலையில் சாமுவேல் ஆட்கள் போட்ட தடுப்பில் செத்தவர். இப்போது சாமுவேல் ஊருக்குக் கிளம்புகிறேன் என்கிறார். அவர் போனால் பதிவு நிற்கும். துப்பாக்கிகளை ஒரு கொட்டகையில் பூட்டிவிட்டு முகாமில் காத்திருக்கும் அவருடைய ஆட்கள், பூட்டை உடைத்து எடுத்துக்கொண்டு மறுபடி மலைக்குப் போவார்கள்.

எங்கள் மேனேஜர் ஓடிவந்து என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார். "கைக்கு?" எங்கள் ஊர் உருதுவில் 'ஏன்' என்று அர்த்தம். காலையிலிருந்து அதே கேள்வி இரண்டாவது பாஷையில்.

சாமுவேலிடம் மன்னிப்புக் கேட்டு, பீட்டரோடு உட்கார்ந்து ஒரு காபி குடிக்க வைக்கட்டுமா என்று அம்மையாரிடம் கேட்டேன். (அப்போதும் திருந்தவில்லை பாருங்கள்.)

"அவங்க சிநேகிதர்கள் ஆக வேண்டாம்ப்பா. தூங்கினா போதும்" என்கிற மாதிரி அவருடைய ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, தச்சரைக் கூப்பிடச் சொன்னார்.

இரண்டு அறைக்கும் உள்பக்கம் கனமான தாழ்ப்பாள் போட்டோம். சாமுவேலே மேலும் கீழும் இழுத்துப் பார்த்தார். அவர் தரப்பு மாடிக்குப் போனது, பீட்டர் தரப்பு கீழே வந்தது. அன்று மத்தியானம் சாமுவேல் பையைப் பிரித்தார். உலக சமாதானத்துக்கு என் பங்களிப்பு இரண்டு தாழ்ப்பாள்.

பயிற்சி முடியும் வரை இருவரும் மேசையின் இரண்டு கோடியில்தான் உட்கார்ந்தார்கள். ஒருநாள் பீட்டரின் கம்ப்யூட்டர் திரை அப்படியே நின்றுவிட்டது. "மிஸ்டர் சாமுவேல்" என்றார். சாமுவேல் எழுந்து வந்து கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டிவிட்டுத் திரும்பிப் போனார். கைகுலுக்கல், கண்ணீர் எதுவும் கிடையாது.

வீட்டில் இந்தக் கதை தெரிந்த நாளிலிருந்து எனக்குப் பெயர் ஐ.நா. சபை. எந்தக் கல்யாணத்திலும் அறைச் சாவிக் கொத்து என் பக்கம் வந்தால் பெரியம்மா பாய்ந்து பிடுங்குவார். "இவன் கையில நக்கோ, வேண்டவே வேண்டாம். அப்புறம் யாரு பீரோவை நகர்த்துறது?" மண்டபமே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

சில வருஷம் கழித்து அந்த நாட்டில் மறுபடி சண்டை மூண்டது. செய்தியைப் பார்த்ததும் இருவருக்கும் மெயில் போட்டேன். சாமுவேலிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பீட்டரிடமிருந்து வந்தது. தான் நலமா என்றுகூட அவர் எழுதவில்லை. சாமுவேல் உனக்குப் பதில் போட்டாரா, போட்டால் உடனே எனக்குச் சொல் என்று மட்டும் எழுதியிருந்தார்.

இதை வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பீட்டருக்குப் பதில் எழுத இன்றைக்கும் உட்காருகிறேன். இன்னும் வரவில்லை என்று எழுதுவதா, வராது என்று எழுதுவதா தெரியாமல் மூடி வைத்துவிடுகிறேன்.